குறுக்கே நுழைந்த செவெரின்

டிராம் பழுதுபார்க்கும் செவெரின் எந்தக் கடைக்குப் போனாலும் வரிசையின் கடைசியில்தான் நிற்பார். முன்னே வரச் சொன்னாலும் போகமாட்டார். வ்ரோத்ஸ்வாஃப் நகரில் அவருக்கு அசடு என்று பேர். அவர் அதைச் சட்டை செய்ததே இல்லை.

எண்பத்திரண்டு ஆகஸ்ட். நாட்டில் ராணுவச் சட்டம். தொழிற்சங்க ஊர்வலத்தை ஸோமோ என்ற கலவரத் தடுப்புப் போலீஸ் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் கலைத்தது. ஊர்வலத்தில் இருந்த இருபத்தாறு வயது செவெரின் தலைதெறிக்க ஓடினார். பிடிபட்டால் ஜெயில், வீட்டில் மனைவி நிறைமாதம். சந்து திரும்பினால் கறிக்கடை வரிசை. அதில் நின்ற தபால்காரம்மா ஜெனோபியா, முன்பின் தெரியாத அவரைக் கையைப் பிடித்து இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டார்.

துரத்தி வந்த போலீஸ்காரன் மூச்சிரைக்க நின்றான்.

“இவன் எப்ப வந்தான்?”

“என் பையன். விடிகாலைலேர்ந்து எங்கூடதான் நிக்கிறான்.”

“கண்ணு ஏன் சிவந்திருக்கு?”

“உங்க புகைதான். என் கண்ணு மட்டும் வெள்ளையாவா இருக்கு?”

பின்னால் பதினோரு பேர் நின்றார்கள். குறுக்கே நுழைந்தவனைக் கிழித்துத் தோரணம் கட்டுகிற ஊர். போலீஸ்காரனும் வரிசையில் நின்று வளர்ந்தவன்தான். ஒருவரும் கத்தவில்லை என்றால் இவன் உண்மையாகவே நின்றவன் என்று நினைத்தான். ஆனாலும் கறி வாங்குவதையும் பார்த்துவிடலாம் என்று வாசலிலேயே நின்றான்.

ரேஷன் கூப்பன் இல்லாமல் கறி கிடையாது. செவெரினின் கூப்பன் வீட்டில் இருந்தது. கடைக்காரி கை நீட்டியபோது அவர் வெறும் சட்டைப்பையைத் துழாவினார்.

“மேசை மேலயே வச்சிட்டு வந்துட்டியே, எருமை,” என்று ஜெனோபியா தன் கூப்பனை அவர் கையில் திணித்தார்.

கடைக்காரி அதைக் கத்தரித்து, ஒரு துண்டு எலும்புக்கறியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

“அவ்வளவுதான். தீர்ந்துபோச்சு.”

இப்போதாவது யாராவது வெடிப்பார்கள் என்று போலீஸ்காரன் பின்னால் பார்த்தான். ஒரு கிழவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “வெள்ளிக்கிழம வரும்,” என்றார். பதினோரு பேரும் காலிப் பையோடு கலைந்தார்கள். அவனும் போய்விட்டான்.

சந்து முனையில் செவெரின் பொட்டலத்தை நீட்டினார். “நீங்க வச்சுக்குங்கம்மா. வீட்ல அவ நிறைமாசம், ஓடிப்போய் பாக்கணும்.”

“அப்ப நீயே கொண்டு போ. அவளுக்கு சூப்பு வச்சுக் குடு.”

ஜெனோபியா சாகும்வரை செவெரின் அவருக்கு மகனாகவே இருந்தார். அந்தப் பதினோரு பேர் யாரென்றுதான் கடைசிவரை தெரியவில்லை. அவர்களுக்கு ஒரு நன்றிகூடச் சொல்ல முடியவில்லையே என்று இன்றும் செவெரினுக்குக் கண் கலங்கும். எந்த வரிசையிலும் முன்னால் நிற்பவர் அந்தப் பதினோரு பேரில் ஒருவராக இருக்கலாம். அதனால்தான் அவர் யாரையும் தாண்டிப் போவதில்லை.