வரைந்தவன் ஒருவன், வரி எழுதியவன் ஒருவன்

ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டில் படித்த இரண்டாவது வருஷம் எனக்கு ஒரு ஹிவி வேலை கிடைத்தது. மாணவர்களுக்குக் கொடுக்கிற பகுதிநேர உதவியாளர் வேலைக்கு இங்கே அதுதான் பெயர். என்னோடு வந்தவர்களுக்கெல்லாம் லேபில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிற ஹிவி. எனக்கு மட்டும் பழைய படங்களை ஸ்கேன் செய்கிற ஹிவி. இமேஜ் ப்ராசஸிங் படிக்கிறவன் என்பதால் எடுத்துக்கொண்டார்கள். வாரத்தில் இரண்டு மத்தியானம் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குப் போவேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் வந்த கேலிப் பத்திரிகைகளை ஒவ்வொரு தாளாக எடுத்து, விரித்து, படம்பிடித்து, படத்துக்கு அடியில் இருக்கிற வரியைத் தட்டச்சு செய்ய வேண்டும்.

தாள் ரொம்ப மெல்லிசு. பின்பக்கத்து அச்செழுத்து முன்பக்கத்துப் படத்தின் முகத்திலேயே தெரியும். அதற்காக அடியில் ஒரு கறுப்பு அட்டையைச் செருகுவோம். செருகியதும் எழுத்தெல்லாம் அடங்கிப்போய் ஆட்கள் மட்டும் எழுந்து நிற்பார்கள். சபையில் தொப்பை மேல் கை வைத்துத் தூங்குகிற பிரதிநிதிகள். கட்சிக்காரனை நடுவில் நிற்கவைத்து, அவன் தலைக்கு மேலே கண்ணடித்துக்கொள்கிற இரண்டு வக்கீல்கள். குடியிருப்பவனின் சட்டிபானையை வாசலில் தூக்கி வைக்கிற வீட்டுக்காரன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. தெரியாமலே புரிந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தாலுகா ஆபீஸ் மேஜைக்கு இந்தப் பக்கம் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த முகங்களை எவனோ ஒருவன் பாரிஸில் அப்போதே வரைந்து வைத்திருக்கிறான். இவன் நம்ம ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

சேகரிப்பைப் பார்த்துக்கொள்கிற அம்மையார் கண்டிப்பானவர். கேட்டால் மட்டும் சொல்வார். மன்னனைப் பேரிக்காயாக வரைந்து மாட்டிக்கொண்டதை, பிறகு வந்த தடைச் சட்டத்தை, அரசாங்கத்தைத் தொடக்கூடாது என்றானதும் பத்திரிகைக்காரர்கள் ஊர் ஜனங்களைக் கேலி செய்யத் திரும்பியதை எல்லாம் அவர்தான் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். படம் வரைகிறவர் அச்சுக்கல்லில் படத்தை மட்டும் வரைந்து கொடுத்துவிடுவாராம். அடியில் இருக்கிற வரியைப் பெரும்பாலும் பத்திரிகை ஆபீஸில் வேறு ஒருவர் எழுதுவாராம். தன் படத்துக்கு அடியில் என்ன வரப்போகிறது என்பது சில சமயம் வரைந்தவருக்கே தெரியாதாம்.

இதையெல்லாம் சாயங்காலம் சமைக்கும்போது அறைத்தோழனிடம் சொல்வேன். அவன் சென்னைக்காரன். அப்பா, அம்மா இரண்டு பேரும் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள். அவன் நன்றாக வரைவான். டேப்லெட்டில் பேனாவை வைத்து, பேசிக்கொண்டே, எதிரே இருக்கிறவனின் மூக்கைப் பிடித்துவிடுவான். நான் கொண்டுவருகிற படங்களைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பான். "மச்சான், இந்த ஆளு கைய எப்படி வரைஞ்சிருக்கான் பாரு. மூஞ்சிய மறைச்சாக்கூட வக்கீல்னு தெரியும்டா."

என் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களிடம் எல்லாம் ஒரு வருஷமாக "பிசினஸ்" என்று சொல்லி வந்தேன். அவனிடம்தான் முதலில் உண்மையைச் சொன்னேன். திண்டிவனம் பக்கம் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறார், பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்த ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவன் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டான். கண் கலங்கினான். கூடப்பிறந்தவன் ஒருவன் கிடைத்துவிட்டான் என்றே அன்று நம்பினேன்.

அந்தத் தையில் தமிழ் மாணவர்கள் சேர்ந்து பொங்கல் விழாவுக்கு ஒரு ஹால் எடுத்தார்கள். சுவரில் மாட்டுவதற்குப் படங்கள் வரைவது அவன் பொறுப்பு. பாரிஸ் பத்திரிகை மாதிரியே செய்வோம், கறுப்பு வெள்ளைப் படம், அடியில் ஒரு வரி என்று முடிவு செய்தான். முதலில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மினுக்காக, அதாவது அப்பாயின்ட்மென்டுக்காக, தாடி வளர்ந்து காத்திருக்கிற ஆட்களை வரைந்தான். விழாவுக்கு உதவுகிற ஒரு கம்பெனியின் மேனேஜரைப் பூசணிக்காயாக வரைந்தான். கமிட்டியில் பயந்துபோய், "அந்த மேனேஜர் ஃபேமிலியோட வர்றாருப்பா, வம்பு வேணாம்" என்று இரண்டையும் எடுத்துவிட்டார்கள்.

"உன் பாரிஸ் கதை மாதிரியே ஆயிடுச்சுடா" என்று சிரித்தான் அவன். "ராஜாவத் தொட முடியல. ஊரத் தொடுவோம்."

அன்று நானும் அவனோடு உட்கார்ந்து யோசித்தேன். இந்தியாவிலிருந்து மூன்று குக்கர் கொண்டுவந்தவன், காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்துச் சில்லறை வாங்கப் பல் தேய்க்காமல் ஓடுகிறவன் என்று நம் ஆட்களை வகைவகையாகப் பிரித்தோம். ஏறுகிற ஒவ்வொரு பஸ் டிரைவருக்கும் கும்பிடு போடுகிறவன் என்பது நான் சொன்னது. அப்படி ஒருத்தன் உண்மையிலேயே இருந்தான். கூச்ச சுபாவம், கிராமத்துப் பையன். அவனை நினைத்துத்தான் சொன்னேன். வயிறு வலிக்கச் சிரித்தோம். இன்னும் இரண்டு படம் இருக்கிறது, அது சர்ப்ரைஸ் என்றான்.

விழா அன்று ஹாலுக்குள் நுழைந்ததும் கடைசிப் படத்துக்கு முன்னால் கூட்டமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் போய் எட்டிப் பார்த்தேன்.

பட்டமளிப்பு மேடை. அங்கி போட்ட பேராசிரியர்கள் வாய் பிளந்து நிற்கிறார்கள். நடுவில் வேட்டி கட்டின ஒருவர், மகனின் பட்டச் சான்றிதழில் கட்டைவிரலை அழுத்துகிறார். இன்னொரு கட்டைவிரலைக் காதுக்குப் பின்னால் முடியில் தேய்க்கிறார். காதிலிருந்து கழுத்துக்கு மை ஒரு கோடாக இறங்குகிறது. மேலே 'முதல் பட்டதாரி' என்று தலைப்பு. அடியில் பாரிஸ் பாணியிலேயே இரண்டு பேர் பேச்சு:

"— அப்பா, நான் மாஸ்டர்ஸ் முடிச்சிட்டேன்!
— எங்க கைநாட்டு வைக்கணும், சொல்லு."

பக்கத்தில் நின்றவன் என் தோளைத் தட்டி, "செமல்ல?" என்றான். நானும் சிரித்தேன். முகம் தானாகவே சிரித்துவிட்டது. அதை இன்றுவரை என்னால் மாற்றிச் சொல்ல முடியவில்லை.

அவனைத் தேடிப்பிடித்து ஓரமாக இழுத்துப் போனேன். "என்னடா இது?"

"டேய், கேப்ஷன் நான் எழுதலடா, சத்தியமா. படம் மட்டும்தான் என்னுது. கமிட்டி ஆளுங்க காலையில ஒட்டினாங்க. நானே இங்க வந்துதான் பார்த்தேன்." என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீதானே சொன்ன, பாரிஸ்லயும் படம் ஒருத்தன், வரி ஒருத்தன்னு."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. நான்தான் சொன்னேன். கீழ்த்தளத்தில் அத்தனை தாள்களைப் புரட்டியவன் நான், வரைந்தவன் வேறு, வரி எழுதியவன் வேறு என்று எனக்குத் தெரியாதா? சரிடா, விடு என்று சொல்லிவிட்டுச் சாப்பாடு பரிமாறப் போனேன்.

சாப்பாடு செய்து கொண்டுவந்தவர் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். பந்தி முடிந்து, அவரோடு பாத்திரங்களை வேனில் ஏற்றும்போது அந்தப் படத்தைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அவர் அண்டாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"தம்பி, இவர் ஆர்? உங்கட ஆக்களில ஆரேனுமோ?"

"தெரியாது அண்ணை. சும்மா கார்ட்டூன்."

"கைநாட்டு வைக்கிறார், அது விளங்குது. பகிடி. ஆனா காதுக்குப் பின்னால ஏன் துடைக்கிறார்?" அடியில் இருந்த வரியை இன்னொரு தரம் வாசித்தார். "அதுக்கு இதில ஒண்டும் இல்லையே. கீறினவருக்குத்தான் தெரியும் போல. சரி வாங்கோ, தூக்குவம்."

அண்டாவின் ஒரு காதைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

நான் ஊரில் கல்லூரியில் சேர்ந்தபோது, முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக அப்பா உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பத்து நாள், தங்கச்சியின் ரூல் போட்ட நோட்டில் தன் பெயரை எழுதிப் பழகினார் அப்பா. தாலுகா ஆபீஸில் கிளார்க், "சீக்கிரம்ப்பா, சீக்கிரம்" என்று அவசரப்படுத்தினான். அப்பாவின் பெயர் இரண்டு எழுத்தோடு நின்றுபோனது. கிளார்க் சிரித்துக்கொண்டே மைப்பெட்டியைத் தள்ளினான். அப்பா விரலை வைத்தார். துடைக்கத் துணி கொடுக்கவில்லை. எனக்காகச் சலவை செய்து கட்டிவந்த வேட்டி, அதில் கறை பட வேண்டாம் என்று காதுக்குப் பின்னால் முடியில் தேய்த்துக்கொண்டார். பஸ்ஸில் திரும்பும்போது என் பக்கம் பார்க்காமலே சொன்னார்: "அம்மாகிட்ட கையெழுத்துப் போட்டேன்னு சொல்லு. வெளிய யார்கிட்டயும் சொல்லாத." சொல்ல மாட்டேன் என்றேன்.

அடியில் இருக்கிற வரியை எவன் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். காது படத்தில் இருக்கிறது.

வீட்டுக்குப் போகிற டிராமிலேயே அறைத்தோழனிடம் கேட்டேன். அவன் மறுக்கவில்லை.

"நீ சொன்னதுலயே அதுதான்டா பெஸ்ட். அத யாராலயும் கற்பனை பண்ண முடியாது. அன்னைக்கே என் மண்டையில படமா விழுந்துடுச்சு. வரையாம இருக்க முடியல."

"அன்னைக்கு அழுதியே?"

"அதுவும் உண்மைதான்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "அது உங்கப்பான்னு யாருக்குடா தெரியும்? நீயும்தான் சிரிச்ச. நான் பார்த்தேன்."

அந்த மாதக் கடைசியில் வேறு அறை பார்த்துக்கொண்டு போனேன்.

அடுத்த முறை வேலைக்குப் போனபோது ஏற்கெனவே முடித்த தாள்களை எடுத்துப் பார்த்தேன். ஓவியக் கண்காட்சி பார்க்க வந்த ஒரு நாட்டுப்புறத் தம்பதி. அவர் கையில் பெரிய குடை, அந்தம்மா தலையில் ஊர் முக்காடு, இரண்டு பேருக்கும் வாய் திறந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்து, அம்மையார் எட்டிப் பார்த்திருக்கிறார். வக்கீலை வரைந்த அதே கை. அதே கோடு. எப்போதோ செத்துப்போன மனிதன் மேல் எனக்கு அன்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நம்ம ஆள் என்று அவன் எப்போது சொன்னான்? நானேதான் சொல்லிக்கொண்டேன். அம்மையாரிடம் கேட்டேன்: "இவர் எந்தப் பக்கம்?" அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாரம் தவறாமல் படம் கொடுக்க வேண்டியவர்" என்று மட்டும் சொன்னார்.

படம் சுவரோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். யாரோ போனில் எடுத்து ஒரு குரூப்பில் போட்டிருக்கிறார்கள். மியூனிக் பக்கம் கார்ஹிங்கில் படிக்கிற எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் சிரித்துவிட்டு ஊருக்கு அனுப்பியிருக்கிறான். அது சுற்றிச் சுற்றி மண்டிக்கே வந்து சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கூப்பிட்டார்.

"ஜெர்மனியில நம்ம பசங்க ஒரு படம் வரைஞ்சாங்களாமே. கணக்குப்புள்ள காட்டினாரு. என் போனுக்கும் அனுப்பியிருக்காரு."

"ஆமாப்பா. சும்மா காமெடிக்கு."

"கீழ என்னமோ எழுதியிருக்கு. அவரு படிச்சுச் சிரிச்சாரு, நான் கேக்கல. நீ படி."

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்காது. வாய் வரைக்கும் ஒரு பொய் வந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதை நானும் ஒருமுறை பயன்படுத்திக்கொள்ள வேண்டுமா என்று தோன்றியது. உள்ளபடி படித்தேன். ஒரு எழுத்து விடவில்லை.

அப்பா சிரித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கான்."

மண்டியில் லாரி ஒன்று பின்னால் வருகிற சத்தம் கேட்டது.

"ஏன்டா, அந்தக் கிளார்க்கு குனிஞ்சு சீல் குத்திட்டு இருந்தான். நான் காதுல தொடச்சத அவன் பார்க்கல. உங்கம்மாவுக்கும் தெரியாது. அன்னைக்கு என் பக்கத்துல யாரு நின்னா?"

"நான்தாம்பா."

"ம்" என்றார். "சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறோம். மழை பெய்ததா என்றால் பெய்தது என்கிறார். உடம்பு எப்படி என்றால் நன்றாக இருக்கிறது என்கிறார். போன மாதம் மூட்டையோடு படியில் வழுக்கி விழுந்து இரண்டு வாரம் வேலைக்குப் போகவில்லை. அது தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏன்ப்பா என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உனக்கு எதுக்குப்பா அதெல்லாம்" என்றார். குரலில் கோபமே இல்லை. அசலூர்க்காரனிடம் பேசுகிற மாதிரி, மரியாதையாகச் சொன்னார்.