டீயோடு ஒரு துண்டு பனங்கட்டி

மண்டபத்தில் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, பஸ்தான் வருகிற மாதிரி இல்லை. அகதி முகாமுக்கு எதிரே ராணியக்காவின் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். அக்கா இலங்கையிலிருந்து படகேறி வந்தவர்.

பக்கத்து பெஞ்சில் இருப்பவர் திருப்புல்லாணிக்காரர், ஓய்வு பெற்ற ராணுவக்காரர். அவர் கேட்காமலே பாலில்லாத டீயையும், தனியாக ஒரு துண்டு பனங்கட்டியையும் அக்கா கொண்டுவந்து வைக்கிறார். அவர் அதைக் கடித்துக்கொண்டே டீயை உறிஞ்சுகிறார். இந்தப் பக்கத்தில் அதைக் கருப்பட்டி என்பார்கள், டீயில் கரைத்துத்தான் குடிப்பார்கள்.

"ராணுவத்துல எங்கே இருந்தீங்க அய்யா?"

"பூராம் காஷ்மீருதான் தம்பி. வேற எங்கனயும் போகலை." சட்டென்று எழுந்துகொள்கிறார். "வாரேன் தாயி."

அவர் போனதும் அக்கா கிளாஸைக் கழுவுகிறார்.

"காஷ்மீரில ஆர் பனங்கட்டி கடிச்சுத் தேத்தண்ணி குடிக்கிறது? அது எங்கட யாழ்ப்பாணத்துப் பழக்கம். அவர் அமைதிப்படையில வந்து நிண்டவர்."

எண்பதுகளின் கடைசியில் இந்தியா இலங்கைக்கு அனுப்பிய படையைச் சொல்கிறார். அந்த நாட்களில் ஒரு காலையில் சைக்கிளில் கிளம்பிய அக்காவின் அண்ணன் வீடு திரும்பவில்லை. யாரால் என்று இன்றுவரை தெரியாது.

"அவர்கிட்டயே கேட்டுப் பார்க்கலாமே அக்கா?"

"கேட்டா எந்த ஊரில நிண்டதெண்டு சொல்லிப்போடுவார். அது எங்கட ஊரா இருந்திட்டா, நாளைக்கு அவருக்கு நான் எப்பிடித் தேத்தண்ணி ஊத்துறது?"