பச்சைக் கைக்குட்டைக்கு ஒரு ஓட்டு

போன சனிக்கிழமை நான் ஓட்டுப் போட்டேன். அமெரிக்காவில்! கிரீன் கார்டு இன்னும் கைக்கு வரவில்லை. ஓட்டு மட்டும் போட்டாயிற்று.

பயப்படாதீர்கள். ஜனாதிபதிக்கு இல்லை... ஒயினுக்கு.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும், எனக்கு எழுதப் படிக்க வராது. நான் பேசுவேன், மகள் சுமதி எழுதுவாள். நான் 'வந்துச்சு' என்றால் அவள் 'வந்தது' என்று போடுவாள். இந்த வாரம் கதையே அவளைப் பற்றியதுதான். ஒரு வரியைக்கூட வெட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன்.

ஹூஸ்டனை ஒட்டிய எங்கள் பேர்லேண்ட் வீட்டு கராஜில் கார் கிடையாது. அங்கே மாப்பிள்ளை சரவணனின் ஒயின் குடியிருக்கிறது. பெரிய பெரிய கண்ணாடி ஜாடிகள், ரப்பர் குழாய்கள், எந்நேரமும் 'குபுக் குபுக்'கென்று ஒரு சத்தம். ஆபீஸில் நாளெல்லாம் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனுஷன், ஷூவைக்கூடக் கழற்றாமல் அந்த ஜாடிகளிடம் போய் நின்றுவிடுவார். கைக்குழந்தை தூங்குகிறதா என்று பார்க்கிற மாதிரி காதை வைத்துக் கேட்பார். சுமதியின் கார்? வாசலில், ஹூஸ்டன் வெயிலில் வெந்துகொண்டிருக்கும். ஸ்டியரிங்கைத் தொட்டால் தோசைக்கல்தான்.

கோடை லீவுக்கு மாப்பிள்ளையின் தம்பி செந்தில் சான் ஹோசேயிலிருந்து வந்திருந்தார். கையில் ஒரு கலிஃபோர்னியா பாட்டில். அதை அவர் குடித்த அழகு இருக்கிறதே... ஆட்டினார், மோந்தார், கண்ணை மூடினார். "அத்தை, இதுல மிளகு வாசம், தோல் வாசம், புகையிலை வாசம் எல்லாம் இருக்கு" என்றார். புகையிலை வேண்டுமென்றால் புகையிலையே வாங்கலாமே, அதற்கு எதற்குத் திராட்சை? கேட்கவில்லை. மாப்பிள்ளையின் தம்பி, நமக்கு எதற்கு வம்பு?

அடுத்து மாப்பிள்ளை தன் ஒயினை ஊற்றிக் கொடுத்தார். செந்தில் ஒரு வாய் வைத்தார். அப்படியே கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணே, டெக்ஸாஸ்ல மாடு வளரும், எண்ணெய் வரும். ஒயின் வராதுண்ணே. விட்டுடுண்ணே."

மாப்பிள்ளையின் முகம் சுண்டிவிட்டது. "அக்டோபர்ல நம்ம டெக்ஸாஸ் மலைப்பக்கம், ஹில் கன்ட்ரில, திருவிழா மாதிரி ஒரு ஃபேர் நடக்குது. வீட்டுல பண்ற ஒயினுக்குப் போட்டி. டெக்ஸாஸ் ஒயின் என்னன்னு அன்னிக்குப் பாருடா."

சுமதி சும்மா இருப்பாளா? "அதுல பரிசு ரிப்பன் வந்தா ஜாடி இருக்கட்டும். வரலைன்னா கராஜைக் காலி பண்ணணும். என் கார் உள்ள போகணும்."

"சரி" என்றார் மாப்பிள்ளை. ரோஷக்காரர்.

அந்தப் போட்டியில் ஜட்ஜ் கிடையாது. வருகிற ஜனம் ருசி பார்த்து ஆளுக்கு ஓர் ஓட்டுப் போட வேண்டும். இதைக் கேட்டதும் மாப்பிள்ளைக்குள் இருந்த தேனி மாவட்டம் முழித்துக்கொண்டது. ஓட்டு என்றால் நமக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? இரண்டு வேன். கோயிலில் பழக்கமான குடும்பங்கள் அத்தனையும். ஆளுக்கொரு புளியோதரைப் பொட்டலம். கொடி ஒன்றுதான் கட்டவில்லை.

போகிற வழியில்தான் கோமதி குண்டைத் தூக்கிப் போட்டாள். கோயிலில் பிரசாதப் பொறுப்பு அவளுக்கு. விரதம், தீட்டு எதற்கும் அவளிடம்தான் தீர்ப்பு.

"பெரியம்மா, இன்னிக்குப் புரட்டாசி சனிக்கிழமை! நான் வெங்காயமே தொடல. ஒயினை எப்படித் தொடுறது?"

மாப்பிள்ளை ஓட்டிக்கொண்டே கெஞ்சினார். "ஆன்ட்டி, நீங்க குடிக்கவே வேணாம். ஓட்டு மட்டும் போடுங்க. என் பாட்டில் உசரமா, கறுப்பா இருக்கும். பார்த்ததும் தெரிஞ்சிடும்."

அங்கே போய்ப் பார்த்தால் பாட்டிலே இல்லை! யாருடைய ஒயின் எது என்று தெரியக் கூடாதாம். எல்லாவற்றையும் ஒரே மாதிரி கண்ணாடிக் கூஜாக்களில் ஊற்றி, கழுத்தில் கலர் கலராகக் கைக்குட்டை கட்டி வைத்துவிட்டார்கள். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு டப்பா. பிடித்த ஒயினின் டப்பாவில், ஓட்டுச் சீட்டுக்குப் பதிலாக, ஒரு பாட்டில் கார்க் போட வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. படிக்கத் தெரியாதவளுக்கு இதைவிட மரியாதையான தேர்தல் உண்டா?

ஆனால், ருசி பார்த்தவர்களுக்குத்தான் கார்க். மேஜைக்காரர் கறார்.

மாப்பிள்ளைக்கு வேர்த்துவிட்டது. "கவலைப்படாதீங்க அத்தை. நான் டேஸ்ட் பண்ணா என்னுது எதுன்னு சொல்லிடுவேன். பெத்தவனுக்குப் புள்ளையத் தெரியாதா? எந்தக் கூஜாகிட்ட நின்னு மீசையைத் தடவுறேனோ, அதுக்குப் போடுங்க."

சரி... விரதம்? அப்போதுதான் மேஜை ஓரத்தில் ஒரு வாளியைப் பார்த்தேன். "இது எதுக்கு?" என்று சுமதியிடம் கேட்டேன். ஒயின் தெரிந்தவர்கள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு அதில் துப்புவார்களாம்.

கோமதி யோசித்தாள். கண்ணை மூடினாள். தீர்ப்பு வந்தது. "தொண்டைக்குள்ள இறங்குனாத்தான் குடிச்சது. துப்பிட்டா வெறும் வாய் கொப்புளிச்சதுதான். பெருமாள் கணக்குல வராது."

அவ்வளவுதான். பட்டுப்புடவையோடு வரிசை கட்டினோம். எச்சில் ஆகுமே? உதட்டில் படாமல், தலையை அண்ணாந்து உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டோம். கொளகொளவென்று கொப்புளித்தோம். வாளியில் துப்பினோம். வெற்றிலை போட்டுப் பழகிய வாய்... ஒரு சொட்டு வெளியே போகவில்லை. அந்த ஃபேரில் மற்ற எல்லோரும் மடக் மடக்கென்று விழுங்கிக்கொண்டிருக்க, எங்கள் கூட்டம் மட்டும்தான் துப்பியது. மேஜைக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"உங்களையெல்லாம் பெரிய ஒயின் ஜட்ஜுங்கன்னு நினைச்சிட்டாரும்மா" என்றாள் சுமதி.

ஆனாலும் ருசியைச் சொல்ல வேண்டுமே. சிவப்பு, கஷாயம். நீலம், தண்ணீரில் திராட்சையைக் காட்டி எடுத்த மாதிரி. பச்சை... மாதுளம் பழத்தின் தோலைக் கடித்திருக்கிறீர்களா? அது. மஞ்சள்? அடடா! எங்கள் கம்பம் பன்னீர்த் திராட்சையைத் தோலோடு வாயில் போட்டு நசுக்கிய மாதிரி! மஞ்சளில் மட்டும் கொஞ்சம் உள்ளே நழுவிவிட்டது. பெருமாள் பெரிய மனசுக்காரர்.

மாப்பிள்ளை நாலு கூஜாவையும் ருசி பார்த்தார். செந்தில் மாதிரியே ஆட்டினார், மோந்தார், கண்ணை மூடினார். மஞ்சள் கூஜா அருகே போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். மீசையைத் தடவினார்.

இரண்டு வேன் ஓட்டும் மஞ்சளில் விழுந்தது.

சாயங்காலம் மைக்கில் முடிவு சொன்னார்கள். மஞ்சள்! பக்கத்தில் கூட யாரும் இல்லை. நாங்கள் குலவை போட்டோம். மாப்பிள்ளை சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேடைப் படியில் கால் வைத்தார்.

அவருக்கு முன்னால் ஒருத்தி ஏறிக்கொண்டிருந்தாள்.

என் வயசு இருக்கும். தலையில் கூடை மாதிரி தொப்பி. மஞ்சள் அந்த அம்மாவுடையதாம்! வேலியில் படர்ந்த காட்டுத் திராட்சையைப் பறித்து, சர்க்கரையைக் கொட்டிச் செய்ததாம். முதல் பரிசான நீல ரிப்பனை வாங்கிக்கொண்டு நேரே வந்து, குலவை போட்ட எங்களை ஒவ்வொருத்தராகக் கட்டிப்பிடித்து அழுதாள். கோமதியும் சேர்ந்து அழுதாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது.

மாப்பிள்ளையுடையது பச்சை. அந்த டப்பாவில் ஒரே ஒரு கார்க்.

திரும்பும்போது வேனில் கோமதிதான் கேட்டாள்.

"ஏன் தம்பி, நீங்க பெத்த புள்ளையாச்சே... எப்படித் தெரியாமப் போச்சு?"

"நல்லா இருந்துச்சு ஆன்ட்டி" என்றார் பாவமாக. "அதனால என்னுதுன்னு நெனச்சிட்டேன்."

வேன் குலுங்கக் குலுங்கச் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவரே மெதுவாகக் கேட்டார். "ஆமா, பச்சையில ஒரு கார்க் கிடந்துச்சே... அது யாரு போட்டது?"

சுமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"நான்தான்."

"உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"ரெண்டு வருஷமா அந்த வாடைலதானே துணி மடிக்கிறேன்? எனக்குத் தெரியாதா?"

"அடிப்பாவி, சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க மீசையைத் தடவிட்டு நிக்கிறப்போ யார் சொன்னா கேப்பீங்க?"

கராஜ் வேண்டும் என்று பந்தயம் கட்டியவள் அவள். சும்மா மஞ்சளில் போட்டிருந்தால் கேட்க ஆளில்லை. பேர் எழுதாத ஓட்டுதானே? வேண்டாத ஒயினுக்குப் போய், ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது, தனியாக ஒரு கார்க்... இதற்கு என்ன பேர் சொல்வது? நான் சொல்ல மாட்டேன். சொன்னால் வெட்டிவிடுவாள்.

அன்றிரவே செந்தில் போன் செய்துவிட்டார். "என்னண்ணே, யார் ஜெயிச்சா?"

"டெக்ஸாஸ் ஒயின்தான்டா ஜெயிச்சுது!" என்று சொல்லி டக்கென்று வைத்துவிட்டார் மாப்பிள்ளை. அதில் என்ன பொய்?

ஆனால் பந்தயம் பந்தயம்தானே. மறுநாள் காலையில் ஒரு ஜாடியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். சுமதி குறுக்கே நின்றாள்.

"எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"காலி பண்ணச் சொன்னியே."

"வெயில்ல வெச்சா கெட்டுப்போகாதா? உள்ள வைங்க."

கார் இன்னும் வெயிலில்தான் நிற்கிறது.