ஊட்டி இல்லீங்க, ஊடு

என்னைக் காப்பாற்றுவதென்று சர்க்கார் ஒருமுறை முடிவு செய்தது. அதிலிருந்து தப்பிக்க நான் பட்டது நாய் படாத பாடு.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, தம்பி கல்யாணத்துக்காக நாமக்கல் பக்கத்து எங்கள் ஊருக்குத் தனியாக வந்திருந்தேன். மகளுக்கு அப்போதுதான் அம்மை இறங்கியிருந்தது. கூட்டிவந்தால் கப்பல் துறை கேம்ப்பில் பிடித்து வைத்துவிடுவார்கள் என்று பயந்து, புருஷனிடம் விட்டு வந்தேன். பேச்சுகூடச் சரியாகத் திருந்தாத வயது அவளுக்கு. கல்யாணப் பந்தலைப் பிரிக்கும்முன் உத்தரவு வந்துவிட்டது. இனிக் கூலியாட்கள் யாரும் இலங்கைக்குப் போகக் கூடாதாம்.

ஊர் மணியக்காரர் அதை என்னிடம் பெருமையாகப் படித்துக் காட்டினார்.

"அங்க கூலிக்காரங்களை மாடாட்டம் நடத்தறாங்களாமா. இனி அது நடக்காது சாமி. சர்க்கார் உங்களைக் காப்பாத்திருச்சு."

"ரொம்பச் சந்தோசமுங்க. எம் புருசனும் புள்ளையும் அங்கயே இருக்குதுங்களே, அதுக்கு என்னுங்க போட்டிருக்குது?"

காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"அதப் பத்தி ஒண்ணுங் காணோமே சாமி."

கூலி போகக் கூடாதே தவிர, பக்தர் போகலாம், வியாபாரி போகலாம். அவ்வளவுதான், எங்கள் ஊரில் பக்தி பொங்கி வழிந்தது. கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்களெல்லாம் இலங்கையிலிருக்கும் கதிர்காமத்து முருகனுக்கு வேண்டுதல் என்று மொட்டை அடித்துக்கொண்டார்கள். முதல் மொட்டை என் தாய்மாமன். சுருட்டையும் சேவல் சண்டையையும் தவிர வேறு தெய்வம் அறியாதவர்.

"நீ பொம்பளை, உனக்கு மொட்டை வேண்டாம்" என்றார் பெருந்தன்மையாக. "எளம்பிள்ளைச் சேலை மூட்டை ஒண்ணத் தூக்கிக்க. எங்க போறேன்னு கேட்டா, கண்டிக்குச் சேலை விக்கப் போறேன்னு சொல்லு."

ரயில் நெடுக அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

கேம்ப்பில் மாமன் "முருகா!" என்று ஒரு கூச்சல் போட்டார். மதராஸ்கார அதிகாரி கும்பிட்டே அனுப்பிவிட்டார். அடுத்தது நான்.

"எங்கேம்மா போறே?"

கடலைப் பார்த்துவிட்டேன். அதற்கு அந்தப் பக்கம் என் குழந்தை. மனப்பாடம் செய்ததெல்லாம் காற்றில் போயிற்று.

"எங்க ஊட்டுக்குங்க."

"ஊட்டிக்கா? அதுக்கு மேட்டுப்பாளையத்துல இல்லே ரயில் ஏறணும்!"

கேம்ப்பே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"ஊட்டி இல்லீங்க, ஊடு! எம் புருசன் தேயிலைத் தோட்டத்துல இருக்கற ஊடு. எம் புள்ளை இருக்கற ஊடு!"

சிரிப்பு நின்றது. சேலை வியாபாரமும் அதோடு முடிந்தது.

"அப்போ நீயும் தோட்டக் கூலிதானா? உங்களைப் பாதுகாக்கத்தாம்மா இந்தச் சட்டமே" என்றார் அவர், அன்பாக. அந்த அன்பைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்படியே எம் புள்ளையையும் பாதுகாத்துக் கொண்டாந்து குடுத்துருங்க சாமி!" என்று கத்திவிட்டு ஊருக்கே திரும்பினேன்.

மாமன் கதிர்காமம் பக்கமே போகவில்லை. நேராக எங்கள் தோட்டத்துக்குப் போய், பேர் கொடுத்து, மண்வெட்டி வாங்கிக்கொண்டார். ஒரு நாளும் அங்கே கூலி வேலை செய்யாத மனிதர். நானோ வேடத்துக்குத் தூக்கிய சேலைகளை ஊர் ஊராக விற்றுப் பிழைத்தேன். பொய்யாகச் சொன்ன தொழிலைச் சட்டமே உண்மையாக்கிவிட்டது. புருஷனிடமிருந்து ஆள் மூலம் சேதி வரும். மகள் நன்றாகப் பேசுகிறாள் என்று ஒருமுறை சொல்லியனுப்பியிருந்தார். அன்று முழுவதும் அழுதேன்.

மூன்று வருஷம் போய், உலக யுத்தத்தின் நடுவில், சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். முன்பே அங்கே இருந்தவர்கள் திரும்பலாமாம். இந்த முறை கேம்ப்பில், உதட்டைப் பல்லில் அழுத்தி, "வீட்டுக்கு" என்று திருத்தமாகச் சொன்னேன். விட்டுவிட்டார்கள்.

தோட்டத்து லயத்தில், கூலிகள் குடியிருக்கும் அந்த வரிசை வீடுகளில், எங்கள் வாசலில் ஒரு சிறுமி கூட்டிக்கொண்டிருந்தாள். என் மாமியாரின் நெற்றி. என்னைக் கண்டதும் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, அப்பன் பழக்கிய மரியாதையோடு கேட்டாள்.

"ஏனுங்க, எந்த ஊட்டுக்கு வந்தீங்க?"

"இந்த ஊட்டுக்குத்தான் சாமி" என்றேன்.

அவள் என் தலையில் இருந்த சேலை மூட்டையைப் பார்த்தாள். உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அப்பா, சேலைக்காரம்மா வந்திருக்கறாங்க."