பன்னிரண்டு கால்களும் ஒரு கிளட்ச்சும்

கிளட்ச் பெடலுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனால் அதை மிதித்தவர்களில் ஒருவர்கூட முழு உண்மையோடு பட்டறைக்கு வந்து நான் பார்த்ததில்லை. ஸ்பானர் பிடித்துப் பிழைக்கும் நண்பர்களே, இது உங்களுக்குத் தெரியாததல்ல. ‘பெடல் லேசா ஆடுது’ என்று ஒருவர் வந்து நின்றால், அவர் சொல்லாமல் விட்டதைத் தேடுவதுதான் நம் வேலை.

நான் இந்தத் தொழிலுக்கு விரும்பி வந்தவன் அல்ல. மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடத்தி, வெளியே தள்ளப்பட்டு, பழவேற்காடு போகிற சாலையோரம் தகரக் கொட்டகை போட்டவன். எழுத்துக் கூட்டிப் படித்ததே தொழிற்சாலை வாசலில் கொடுத்த துண்டறிக்கைகளில்தான். எனக்கு ‘அ’ என்றால் அம்மா அல்ல, அணிதிரள்வீர். ஏரிக்கரையில் இன்றும் என்னை ‘லீடரு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதை நிறுத்தி நாளாகிவிட்டது.

காலுக்கு ஓர் இடம்

காட்டூரிலிருந்து ஒரு விவசாயி காரைக் கொண்டு வந்தார். பெடலில் கால் வைத்தாலே கூசுகிறது என்றார். வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு, பெடலைத் தொட்டும் தொடாமலும் அழுத்தினேன். உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல ஒரு நடுக்கம். கூடவே அடியிலிருந்து கரகரவென்று சத்தம். காலை எடுத்ததும் இரண்டும் நின்றன. ரிலீஸ் பேரிங் போய்விட்டது.

ஓட்டிக் காட்டச் சொன்னேன். கியர் மாற்றாத நேரத்திலும் அவருடைய இடது கால் பெடலை விட்டு இறங்கவே இல்லை. ஒரே ஆளை மூன்று ஷிப்டும் நிறுத்தி வேலை வாங்கினால் அவன் என்ன ஆவான், அதுதான் உங்கள் பேரிங்குக்கும் ஆனது என்று விளக்கினேன். வர்க்கப் பார்வையோடு நான் தந்த அந்த விளக்கத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இது: “காலை வேற எங்க வெக்கச் சொல்றே? கழட்டி டிக்கியிலயா?”

எனக்கு முன்னால் ஓட்டியவன்

பழவேற்காடு ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்பதை மீனவர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஒரு குப்பத்தில் பன்னிரண்டு வீட்டார் சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கினார்கள். அதற்கும் பாடு வைத்தார்கள். நாளுக்கு ஒரு வீடு. பின் சீட்டைக் கழற்றிவிட்டு, நண்டும் இறாலும் ஏற்றிக்கொண்டு பொன்னேரிச் சந்தைக்குப் போய்வருவார்கள். கார் இல்லாத நாளில் கரைக்கு வரும் வியாபாரி சொன்ன விலைதான் விலை. அதனால் அந்த ஒரு நாள் பாட்டுக்கு ஒவ்வொரு வீட்டிலும் அவ்வளவு மதிப்பு.

அந்தக் காரின் கிளட்ச் பெடல் ஆட ஆரம்பித்தது. முதலில் சேகர் வந்தான். முந்தின நாள் ஓட்டிய தெரேசாவைச் சொன்னான். அவனுக்கு அடுத்த நாள் ஓட்டியவர் சேகரைச் சொன்னார். அதற்கும் அடுத்தவர் அவரைச் சொன்னார். வண்டியைத் திறந்து பார்க்க விடுங்கள் என்றால், திறந்தால் ஒரு நாள் போய்விடும், அது யார் நாள் என்று சண்டை. எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் வைத்திருந்தார்கள்: “எங்கால் நல்ல காலு லீடரு. எனக்கு முன்னால மிதிச்சிச்சே, அந்தக் காலைக் கேளு.”

தெரேசாவின் கால்

ஒவ்வொருவரும் முன்னால் ஓட்டியவரைக் கைகாட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஓர் இடத்தில் போய் நிற்க வேண்டுமே. அது தெரேசாவிடம் போய் நின்றது. பன்னிரண்டு பேரில் ஓட்டும் ஒரே பெண் அவள். புருஷனுக்குப் பார்வை மங்கி, வலைக்குப் போவதில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிப்பவள் அவள். ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டத்தில் அவள் பாட்டை எடுத்துவிடப் போகிறார்கள் என்ற பேச்சு, அவளுக்கு முன்னாலேயே என் கொட்டகைக்கு வந்துவிட்டது.

அவள் தன் பாட்டு நாளில் சந்தையை முடித்துக்கொண்டு காரோடு வந்தாள். நியூட்ரலில் பெடலைத் தொட்டுப் பார்த்தேன், நடுக்கம் இல்லை. முழுக்க அமுக்கினேன், இல்லை. முதல் கியரைப் போட்டு மெல்ல விட்டேன். வண்டி நகரும் அந்த நொடியில் பெடல் என் காலை உதறியது. பாதி கிளட்ச்சிலேயே ஓட்டி பிளேட்டைக் கருக்கினாலும் இப்படித்தான் ஆடும். அதற்கு ஓட்டுபவரின் கால்தான் காரணம். வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் இருக்கலாம் என்பதை வைத்து ஊர்க் கூட்டத்தில் யாரைக் காப்பாற்ற முடியும்? அவளிடம் மறைக்காமல் சொன்னேன். சேலைத் தலைப்பால் ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த மீன் செதிலைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: “எங்காலுன்னா எங்காலுன்னு சொல்லுண்ணா. ஆனா தெரிஞ்சி சொல்லு.”

ஒரு பெயர் போதும்

அன்று சாயங்காலமே குப்பத்துத் தலைவர் ஏழுமலை வந்தார். கூட்டம் முடியும்வரை கார் இங்கேயே நிற்கட்டும் என்றார். என் கொட்டகைத் தகரத்தை விரலால் தட்டிப் பார்த்தார். கொட்டகை நிற்பது ஊர்ப் புறம்போக்கில். கேட்காவிட்டால் கொட்டகை போகும் என்று அந்தத் தட்டலே சொன்னது.

எதையும் திறக்க வேண்டாம், திறந்தால் ஆளுக்கொரு பேச்சு வரும் என்றார். பிரச்சினை முடிய ஒரு பெயர்தான் தேவையாம். என் தொழிற்சாலையிலும் இயந்திரங்களை நிறுத்தியது நானூறு கைகள். மேனேஜர் கேட்டது ஒரு பெயர். நானூறு வாயும் சேர்ந்து கொடுத்த பெயர் என்னுடையது. அதிலிருந்து யாராவது ஒரு பெயர் கேட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. தலைவர் பீடியைக் காலால் தேய்த்துவிட்டு, ஆறுதல் சொல்வது போலச் சொன்னார்: “உனக்கு இன்னா லீடரு, ஊரா உறவா? ஒரு பேரைச் சொல்லிட்டு உன் வேலையப் பாரு.”

கெட்டியான இடம்

மறுநாள் விடிந்ததும் பானட்டைத் திறந்தேன். தெரேசாவை வரச்சொல்லி சீட்டில் உட்கார வைத்தேன். அன்று தன் பாடு போய்விட்டதே என்ற கோபத்தோடு சேகரும் வந்து நின்றான். ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்து, முதல் கியரில் கிளட்ச்சை மயிரிழை விடச் சொன்னேன். இன்ஜின், கூடையில் கொட்டிய கொடுவா மீன் மாதிரி எகிறி விழுந்தது. பிளேட் கருகினால் இன்ஜின் இப்படித் துள்ளாது. ஜாக்கி போட்டு அடியில் படுத்தேன். கியர்பாக்ஸைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் மவுண்டிங் ரப்பர் வாய் பிளந்து கிடந்தது. பிடி விட்டதால் இன்ஜின் ஆடுகிறது. அது ஆடும்போது கேபிளை இழுக்கிறது. கேபிள் பெடலை இழுக்கிறது. இதில் யார் காலுக்கும் சம்பந்தம் இல்லை.

ஆனால் மவுண்டிங் தானாக இப்படிக் கிழியாது. இடுக்கில் நீல நைலான் இழை சிக்கியிருந்தது. கரைவலை இழுக்கும் கயிறு. அது ஒரு வீட்டுக் கயிறு அல்ல, ஊர்க் கயிறு. இழையைச் சேகரிடம் நீட்டினேன். அவன் முகத்தில் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. ஏரிச் சேற்றில் கார் புதைந்த அன்று ஊரே திரண்டு, கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பா பாட்டோடு இழுத்து மேலேற்றிய கதையை, சாதனை போலச் சொன்னான். திருவிழா மாதிரி இருந்ததாம். காரை உடைத்த நாள் அது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதனால்தான் என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. கயிற்றை எங்கே கட்டினீர்கள் என்று கேட்டேன். பாதி பதிலில்தான் அவன் சிரிப்பு அணைந்தது: “பம்பர் லொடலொடன்னு கீதேன்னு உள்ள கை உட்டுப் பாத்தேன்... இந்த ரப்பர் கீற எடம்தான் கெட்டியா இருந்திச்சி... கட்டிட்டேன் லீடரு.”

கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை வலை உலர்த்தும் மணலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கிழிந்த ரப்பரையும் நீல இழையையும் நடுவில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். கால் காரணமில்லை, கயிறுதான் காரணம் என்றதும் தெரேசாவின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த முகங்கள் எல்லாம் ஏரிப் பக்கம் திரும்பின. தலைவர் மட்டும் திரும்பவில்லை. “சரி, கட்டினவன் யாரு? பேரைச் சொல்லு” என்றார்.

சேகர் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான். தெரேசாவின் காலை முதலில் குறை சொன்னவன் அவன்தான். அவன் பெயர் எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சொன்னால் அவள் பாடு தப்பிக்கும், அவன் பாடு போகும். பெயர் மாறுமே தவிர வழக்கம் மாறாது. சொல்லாவிட்டால் என் தகரம் போகும். சொல்வதில்லை என்று தீர்மானித்து, கூட்டுப் பொறுப்பைப் பற்றி இரண்டு இரவு தயாரித்த பேச்சைத் தொண்டை வரை கொண்டுவந்தேன். “தோழர்களே” என்று ஆரம்பித்தும்விட்டேன். அதற்குள் தெரேசா எழுந்துவிட்டாள். ஒரு கணம் சேகரைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. பிறகு தலைவரைப் பார்த்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்: “கட்னது ஒரு கைதான் மாமா. இழுத்தது? நானும் இழுத்தேன், இதோ கயிறு அறுத்த காயம். அம்பா பாட்டு எடுத்துக் குடுத்து, ‘இன்னும் இழுங்கடா’ன்னது நீ!”

பாடு யாருக்கு

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு கூட்டமே சிரித்தது, தலைவரைத் தவிர. அவர் வெகுநேரம் அந்த ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் பாட்டையும் எடுக்கவில்லை. புது மவுண்டிங் போடும் செலவு பன்னிரண்டு வீட்டுக்கும் பொது என்று முடிவானது. என் தொழிற்சாலையில் அன்று ‘நானும் இழுத்தேன்’ என்று சொல்ல ஒரு தெரேசா இருந்திருந்தால்... அதை விடுங்கள்.

என் பேச்சு ஆரம்பித்த இடத்திலேயே நின்றுபோனது. அதை முடிக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, புது மவுண்டிங் மாட்டிய காரைத் தலைவர்தான் எடுத்துப்போக வந்தார். பெடலை மிதித்து மிதித்துப் பார்த்தார். அது அசையாமல் நின்றது. போகும்போது கொட்டகைத் தகரத்தை இன்னொரு முறை தட்டினார். “இந்தப் பக்கம் துருப் புடிச்சிகினு கீது லீடரு, மழைக்கு முன்னால மாத்திக்கோ.”

ஒன்றுகூடி இழுங்கள் என்று ஆயுள் முழுக்கக் கத்தியிருக்கிறேன் நண்பர்களே, ஆனால் கயிற்றை எங்கே கட்டுவது என்று ஒரு துண்டறிக்கையிலும் நாங்கள் அச்சடிக்கவில்லை.