காதுகுத்து ஃபிளெக்ஸ்ல என் படம்

எழுத்து வகுப்புல சேர்ந்து நான் உருப்படியா கத்துக்கிட்டது ஒண்ணுதான். அடைமொழிய வெட்டணும்.

இன்னைக்குக் காலையில மாமா, அவர் மக காதுகுத்துக்கு ஃபிளெக்ஸ் வாசகம் கேட்டாரு. ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையிலயே உக்காந்து எழுதிக் குடுத்தேன்: "எங்க வீட்டுப் பிள்ளைக்குக் காதுகுத்து. எல்லாரும் வாங்க."

மாமா முகம் சுருங்கிட்டு. "ஏட்டி, இதுக்கா வாராவாரம் கிளாஸுக்குப் போற? பாதி ஃபிளெக்ஸ் காலியா கெடக்கு!"

"அதுதான் மாமா அழகு."

மாமாவ கடையிலயே விட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

சாயங்காலம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு வாசல்ல ஃபிளெக்ஸ் நிக்கு. காலி இடம் பூரா என் படம். கீழ, கொட்டை எழுத்துல: "எழுத்துலகச் சூறாவளி".

நாளைக்கு வகுப்பெடுக்க எங்க சார் ராஜபாளையத்துல இருந்து பஸ்லதான் வாராரு.

அவரை பஸ் ஸ்டாண்டுக்கு முன்னாடியே எறக்கிவிட ஏதாச்சும் வழியிருந்தா சொல்லுங்க மக்கா.