சனிக்கிழமைக்காக வைத்த வண்டல்

முனைவர் பட்டத்துக்கு நான் தேடிய நொதி நச்சுக்கொடியில் இருந்தது. ஸ்டீராய்டு ஹார்மோன்களில் ஒட்டியிருக்கும் சல்ஃபேட்டைக் கழற்றிவிடுவது அதன் வேலை. அதைப் பிரித்தெடுத்து அதன் குணங்களைச் சொல்வது என் வேலை. தொண்ணூறுகளின் நடுவில், திருவனந்தபுரத்தில், ஒரு வருடமாக அது என் கையில் சிக்கவே இல்லை. வருகிற திங்கட்கிழமை ஆய்வுக் குழுவிடம் எதையாவது காட்டியாக வேண்டும், இல்லையென்றால் உதவித்தொகை நின்றுவிடும். ஆரியசாலையில் மிளகு மண்டி வைத்திருந்த அப்பா, பேங்க் பரீட்சை விண்ணப்பத்தை ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டார்.

புதன்கிழமை ஒரு தாய் நச்சுக்கொடியைத் தரச் சம்மதித்ததாகப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். பக்கத்து சீட் அம்மாள், "நெய்மீனாணோ மோளே?" என்றாள், வஞ்சிரமா என்று. "ஆஸ்பத்திரி சாமான்" என்றதும் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

அரைத்து, வடிகட்டி, அதிவேகத்தில் சுழற்றினேன். மேலே தெளிநீர், அடியில் வண்டல். தெளிநீரைப் பத்திரப்படுத்திவிட்டு, வண்டலைக் கொட்டச் சொல்லிக் கழுவுமிடத்தில் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலை சோதித்தால் ஒரு குழாயில்கூட மஞ்சள் நிறம் வரவில்லை. நொதி இருந்தால் மஞ்சள் வர வேண்டும்.

மத்தியானம் சோற்றைப் பிசையும்போதுதான் உறைத்தது. எம்.எஸ்ஸி.யில் நான் முளைப்பயறு நொதியோடு மாரடித்தவள். அது தெளிநீரில் இருக்கும். இந்த நொதியோ செல்லின் சவ்வைக் கட்டிக்கொண்டு வண்டலில் கிடக்கும். பத்து கட்டுரைகளில் படித்திருந்தேன். படித்தது மண்டையில் இருந்தது, கை பழைய வழக்கப்படியே கொட்டியிருக்கிறது. ஒரு வருடமாக! என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

கண்ணாடிச் சாமான் கழுவும் மார்த்தாண்டத்து அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, புதன்கிழமை வண்டலைக் கொட்டியாச்சா?"

"கொட்டவா? மறுபிள்ளையாக்கும் மக்களே! பிள்ளைகூட வந்த கொடியைச் சாக்கடையில ஊத்துனா அந்தக் குழந்தைக்கு ஆகுமா? குளிர் ரூம்ல மூடி வச்சிருக்கேன். நாளைக்கு சனிக்கிழமைல்லா, தோட்டக்காரன் குழி வெட்டித் தருவான். பொதைச்சிடுவேன்."

"எப்பவும் இப்படித்தானா?"

"நீ வந்த நாள்ல இருந்தே, கேட்டியா. உன்கிட்ட சொன்னா சிரிப்பே."

சிரித்திருப்பேன்தான். அன்று அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"அது எனக்கு வேணும்க்கா."

"முழுசுமா? பாதி எடுத்துக்கோ. பாதி மண்ணுக்கு."

எவ்வளவு கெஞ்சியும் மசியவில்லை. கிடைத்த பாதியில், சவ்விலிருந்து நொதியை விடுவிக்கும் சோப்பு மாதிரியான திரவத்தைச் சேர்த்தேன். சாயங்காலம் குழாய்கள் ஒவ்வொன்றாக எலுமிச்சம்பழ மஞ்சளாயின. சத்தம் போட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் எட்டிப் பார்த்து, "இதுக்கா இந்தப் பாடு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் மீதியைப் புதைக்கும்போது நானும் மண் தள்ளினேன்.

திங்கட்கிழமை குழுவில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் என் தாளைப் புரட்டினார். "நாலு டிகிரியில் ரெண்டு நாள் வைத்த பிறகும் நொதி நன்றாக வேலை செய்கிறதே! உறுதியான நொதிதான். இப்படி வைத்துப் பார்க்க வேண்டும் என்று எப்படித் தோன்றியது?"

என் வழிகாட்டி உத்தரத்தைப் பார்த்தார்.

"எனக்குத் தோன்றவில்லை சார்" என்றேன். "எங்கள் ஆய்வகத்தில் சனிக்கிழமைதான் புதைப்பார்கள்."

இன்னும் ஒரு வருடம் கொடுத்தார்கள். அப்பாவின் விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் அடுத்த சோதனைக்கான திட்டத்தை எழுதினேன். முதல் வரி: பாதி அக்காவுக்கு.